டப்பாவில் கிடந்த பனிக்கடல்

பழைய செயற்கைக்கோள் தரவுகளை இத்தனை செலவு செய்து பாதுகாக்கத்தான் வேண்டுமா என்று உங்கள் கட்டுரையின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும் என்பேன்.

நிம்பஸ்-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஆகஸ்டில் நாசா ஏவிய வானிலைச் செயற்கைக்கோள். ஒரு மாதம்கூட முழுதாக வேலை செய்யவில்லை. அது அனுப்பிய காட்சிகளைத் திரையிலிருந்து 35 மி.மீ. ஃபிலிமில் படம்பிடித்து டப்பாக்களில் போட்டு வைத்தார்கள். மேகங்களைப் பார்க்க எடுத்த படங்கள், வேறு யாருக்கு வேண்டும்? ஆனால் ஏறத்தாழ 50 ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அந்தச் சுருள்களைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்தார்கள். மேகம் எது, பனி எது என்று பொறுமையாகப் பிரித்தார்கள். அந்தச் செப்டம்பரில் அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல்பனி சுமார் 1.97 கோடி சதுர கி.மீ. பரவியிருந்தது என்று அதிலிருந்துதான் தெரிந்தது. கடல்பனியின் தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978 கடைசியில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு ஒரு சாளரம் திறந்தது, யாரோ அந்த டப்பாக்களைத் தூக்கி எறியாததால்தான். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

சரி, பாதுகாத்தால் மட்டும் போதாது, பகிரவும் வேண்டும். பூமியைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட்-7இன் ஒரு படம் 600 டாலருக்கு விற்ற காலம் உண்டு. ஒரு ஏரியின் 30 ஆண்டு மாற்றத்தைப் பார்க்க நினைக்கும் மாணவர் எங்கே போவார்? 2008இல் லேண்ட்சாட் வரிசையின் மொத்தக் காப்பகத்தையும் இலவசமாகத் திறக்க முடிவெடுத்தார்கள். இன்று 1972 முதலான படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: படத்தோடு, எடுத்த நேரம், கோணம், கருவியின் அளவுத்திருத்தக் குறிப்புகள் (கருவி காட்டும் அளவு சரியா என்று சோதித்துத் திருத்திய விவரம்) எல்லாவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். நிம்பஸ் படங்களில் பெரும்பாடு பட்டதே அந்த விவரங்களைச் சரிபார்க்கத்தான்.