எல்லார் முன்னாடியும் கத்துற சூப்பர்வைசர்

மணலி, எண்ணூர் பக்கம் ஃபேக்டரிகள்ல ஷிப்ட் மாறுற நேரத்துல பாருங்க. நல்லா மெஷின் ஓட்டுறவரை சூப்பர்வைசர் ஆக்கிடுவாங்க. ஆளுங்களை எப்படி நடத்தணும்னு ஒரு மணி நேரம்கூட சொல்லித் தர மாட்டாங்க. அவரும் பத்து பேர் முன்னாடி ஒருத்தரைக் கிழிகிழின்னு கிழிப்பார். வாங்கிக் கட்டிக்கிட்டவர் அடுத்த தடவை வால்வு ஒழுகினாலும் வாயைத் திறக்க மாட்டார். ஆபத்தே அங்கதான்.

தனியா கூப்பிட்டு, "ரெண்டாம் நம்பர் பம்புல கிளாண்டு (ஷாஃப்டைச் சுத்தி இருக்குற அடைப்பு) ஒழுகுது, லாக் புக்ல எழுதலையே, ஏன்?"னு கேட்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும். (அதுதான் நம்மாளுங்களுக்கு வராது.) ஷிப்ட் மாத்திக் கொடுக்கும்போதும் அப்படித்தான்: எது ஓடுது, எது நிக்குது, எது பாதியில கிடக்குதுன்னு போறவர் சொல்லணும், அதை அடுத்த ஷிப்ட்காரர் திருப்பிச் சொல்லணும். போறவர் "எல்லாம் ஓகேண்ணா"ன்னு வண்டியை முறுக்கிட்டுப் போனா, ராத்திரி ஷிப்ட் தலையிலதான் விடியும்.