சோறு போடுமா என்று கேட்பவர்கள் கட்சி நான்

"பாட்டுப் படித்தால் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரை ஏளனம் செய்வது கோலாலம்பூர் இசை வட்டாரத்தில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. கலை தெரியாதவர்களாம், காசிலேயே குறியாம். நான் அந்தப் பெற்றோர் கட்சி. அதிலும் பிள்ளை ஓபரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், பாடப் போகிறேன் என்று வந்து நின்றால், அந்தக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேளுங்கள் என்பேன். பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் மழுப்புகிறார்கள்.

நம் பிள்ளைகள் இதற்குள் வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். சிறு வயதில் பியானோ வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழு, பிறகு லண்டன் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டாம் கிரேடு. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியதும் ஆசிரியர், "இந்தக் குரலை வீணாக்கிவிடாதீர்கள்" என்று சொல்லிவிடுவார். அடுத்து என்ன செய்வது என்று கேட்டால், திறமை இருந்தால் வாய்ப்பு தானாக வரும் என்பார். தானாக வருவது சளியும் காய்ச்சலும்தான்.

இங்கே அரங்கத்துக்குப் பஞ்சமில்லை. 1998 இல் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம் திறந்தது. மறு ஆண்டே ஜாலான் துன் ரசாக்கில் இஸ்தானா புடாயா வந்தது. மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவருக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பாடகரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஓபரா இல்லம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், டிசம்பரில் ஹோட்டல்களில் பாடுகிறார், கல்யாணங்களில் பாடுகிறார்.

அப்படி ஒரு கல்யாணம், செந்தூலில். எங்கள் பாடகர் குழுவில் வளர்ந்த பையன், நல்ல பாரிடோன் குரல், அதாவது நடுத்தர ஆண் குரல். ஒலிபெருக்கிக்காரர் மைக்கை அவன் வாயருகே நீட்டினார். அவன் இரண்டடி பின்னால் போனான். அவர் இரண்டடி முன்னால் வந்தார். பாட்டு முடிவதற்குள் இருவரும் மணமேடையின் வாழைமரம்வரை போய்விட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஓர் அத்தை அவனிடம், "மைக் இருக்கும்போது ஏன் தம்பி இப்படிக் கத்துகிறாய்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பாவம், அவன் என்ன சொல்வான்? ஓபரா பாடகர் மைக் இல்லாமல் ஒரு முழு இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அது வெறும் கத்தல் என்றால் ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும். சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இசைக்குழுவின் ஒலி மெலிந்திருக்கும். பயின்ற குரல் தன் வலிமையை அங்கே குவிக்கிறது. அதைக் கட்டிக்கொள்ளப் பல ஆண்டு ஆகும். உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். கனமான குரல்கள் முப்பதைத் தாண்டித்தான் முழுதாகத் திரள்கின்றன.

அமெரிக்க ஓபரா பாடகி ஜெஸ்ஸி நார்மன் 1969 இல், 24 வயதிலேயே பெர்லினில், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் எலிசபெத் பாத்திரத்தைப் பாடிவிட்டார். பிறகு எழுபதுகளின் நடுவில் ஓபரா மேடையை விட்டு விலகி, கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்து, 1980 இல்தான் திரும்பினார். அவருக்கே அந்த நிதானம் தேவைப்பட்டது. ஆனால் பெரிய போட்டிகளின் கதவு சீக்கிரமே அடைபடுகிறது. ஸ்பானியப் பாடகர் டொமிங்கோ 1993 இல் தொடங்கிய ஓபராலியா போட்டியில் 32 வயதோடு சரி. நம் வீடுகளிலோ 27 ஆனாலே ஜாதகம் கையில் ஏறிவிடும். இந்த இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிள்ளை எதைத் தின்று உயிர் வாழ்வது? பெற்றோர் கேட்பது இதைத்தானே?

இலங்கை வம்சாவளி டெனர் (உச்ச ஆண் குரல்) பாடகர் ஷான் பணிக்கரின் காணொளியைக் குடும்பக் குழுக்களில் அனுப்பி, "பார், நம்மவர்" என்று பெருமைப்படுகிறோம். 2018 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓபராவில் காந்தியாகவே பாடியவர், பெருமைப்படலாம். ஆனால் அவரும் சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் ஆட்லர் பயிற்சித் திட்டத்தில் இருந்துவிட்டு, 2008 இல் நியூயார்க் மெட்ரோபொலிடன் ஓபராவுக்குப் போனவர். உதவித்தொகையோடு தொழில் பழகும் இடம் அந்தப் பயிற்சித் திட்டம். அந்தப் படியைக் காணொளி காட்டுவதில்லை.

என்னிடம் கேட்டால், லண்டன் மோகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். கல்விக் கட்டணமே வீட்டை அடகு வைக்கச் சொல்லும். முடித்த பிறகும் தனியாகத்தான் அலைய வேண்டும்: பாடிய இரவுக்கு மட்டும் ஊதியம், தொண்டை கட்டிய இரவுக்கு ஒன்றுமில்லை, ஏஜெண்டுக்குப் பங்கு வேறு. ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா இல்லங்கள் சுமார் 80 இருக்கின்றன. பலவும் நாம் பெயரே கேள்விப்படாத சிறு நகரங்களில். அங்கே சொந்தப் பாடகர் குழு என்று வைத்திருக்கிறார்கள். சேர்ந்துவிட்டால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்புறுதி. இன்று கடிதம் கொண்டுவரும் வேலைக்காரன் வேடம், அடுத்த பருவத்தில் கொஞ்சம் பெரிய பாத்திரம். அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமும் இல்லை.

சொர்க்கம் என்று சொல்லவில்லை. விசாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 12,000 யூரோ வங்கியில் காட்ட வேண்டும், நம் கணக்கில் ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல். ஒப்பந்தம் ஓரிரு பருவங்களுக்குத்தான், நீட்டிக்காமலும் விடலாம். குரல் தேர்வில் முதல் பாட்டு நம் விருப்பம். இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள், அல்லது கேட்காமலே நன்றி சொல்லி அனுப்புவார்கள். சோப்ரானோக்கள், அதாவது உச்சக் குரல் பாடகிகள், வரிசையில் குவிந்து நிற்கிறார்கள், பெண் பிள்ளைகளிடம் இதை மறைக்காதீர்கள். ஜெர்மன் பேசத் தெரியாமல் போனால் எதுவும் நடக்காது. அதற்கு கோலாலம்பூரிலேயே கெத்தே நிலையம் இருக்கிறது. எட்டாம் கிரேடுக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கை அங்கே கட்டலாம். டாக்டர் படிப்புக்கு உபகாரச் சம்பளம் தரும் நம் சங்கங்கள், ஒரு பாடகரின் தேர்வுப் பயணத்துக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் குறைந்துபோகமாட்டார்கள்.

அந்தப் பாரிடோன் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "கடைசியில் கோரஸில், கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டி வந்தால்?" என்று முகம் சுளித்தான். நின்றால் என்ன? ஜெர்மனியில் கோரஸ் வேலை தனிப்பாடகர் வேலையைவிட நிலையானது. அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தால் இதே வீட்டில் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கமாட்டார்களா?