ஒரே ஊசியில் தூசி அலர்ஜி போய்விடுமா?

"ரத்தத்தில் மொத்த ஐஜிஇ (அலர்ஜியில் கூடும் எதிர்ப்புப் புரதம்) பார்த்தால் எது அலர்ஜி என்று தெரியும், ஒரே ஊசியில் தும்மல் நிரந்தரமாக நிற்கும்." கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலில் இரண்டுமே தவறு.

வயிற்றில் பூச்சி இருந்தாலும் மொத்த ஐஜிஇ ஏறும். எதனால் அலர்ஜி என்று அது சொல்லாது. அதற்கு வழக்கமாகச் செய்வது தோல் பரிசோதனை: முன்கையில் தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, மகரந்தச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து, லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். ஒப்பீட்டுக்கு உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. பெரிதானால் பாசிட்டிவ். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் யாருக்கும் தடிக்க வேண்டிய, ஒப்பீட்டுக்கு வைக்கும் ஹிஸ்டமின் சொட்டுகூடச் சரியாகத் தடிக்காது, பரிசோதனையே வீண். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

அந்த "ஒரே ஊசி" பெரும்பாலும் ஸ்டீராய்டு. சில வாரம் தும்மல் அடங்கும், சர்க்கரை ஏறும், பிறகு பழைய கதைதான். முறையான அலர்ஜி ஊசி சிகிச்சை (அலர்ஜி தரும் பொருளையே சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழக்குவது) 3 முதல் 5 ஆண்டு நீளும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் கிளினிக்கிலேயே இருக்க வேண்டும்.

நம் கடலோர ஈரப்பதத்தில் தூசிப்பூச்சி நன்றாகப் பெருகும். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் போட்டால் மட்டும் போதாது. பூச்சி செத்தாலும் அதன் கழிவு துணியிலேயே தங்கும்.