5,000 ரூபாயில் ஓரகடத்தில் தங்க முடியுமா?
பெரிய கம்பெனிகளில் இளைஞர்களுக்கு 12 மாதம் பயிற்சி தரும் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முதல் சுற்றில் 82 ஆயிரத்துக்கும் மேல் அழைப்பு அனுப்பியும் 28 ஆயிரம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள், பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். போகாதவர்களில் என் அக்கா மகளும் ஒருத்தி. செய்யாறு பக்கம் கிராமம், பி.காம். படித்தவள். சென்னை பக்கம் ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் இடம் வந்தது. அப்போது மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசு, 500 கம்பெனி. சேரும்போது ஒருமுறை 6,000.

இரண்டு பேருமாகப் போய் ஹாஸ்டல் விசாரித்தோம். நாலு பேர் தங்கும் ரூம், ஜன்னல் கிடையாது, சாப்பாட்டோடு 6,500. அட்வான்ஸ் தனி. போனில் கூட்டிப் பார்த்தாள், என்னிடம் நீட்டினாள், பேசாமல் பஸ் ஏறிவிட்டாள்.

குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது என்று விதி வைத்தார்கள். சரி, நியாயம்தான். ஆனால் அப்படி வடிகட்டி எடுத்த வீட்டில், கையிலிருந்து போட்டு 12 மாதம் ஓட்டப் பணம் ஏது? பெரிய 500 கம்பெனிகளை இழுத்து வந்தவர்களுக்குத் தங்குமிடம் ஏனோ தோன்றவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகளில், இந்தப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கென்று சில படுக்கை ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே.