கலெக்‌ஷன்ஸ்னா சேல விக்கிறாங்களா தம்பி?

ரெண்டு வாரமா மண்டைக்குள்ள குடைஞ்சிட்டே இருக்கு, இன்னிக்கு எழுதிடுறேன். நீளமாத்தான் வரும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் பாக்குற வேலை யூசபிலிட்டி டெஸ்டிங். எங்க வீட்ல யாராவது கேட்டா "கம்ப்யூட்டர்ல என்னவோ பண்றான்"னு அம்மா முடிச்சிடுவாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள்தான், ஒரு வெப்சைட்ட ஜனங்க கையில குடுத்து, இத கண்டுபிடிங்கன்னு ஒரு வேலைய சொல்லிட்டு, பக்கத்துல வாய மூடிட்டு உக்காந்து அவங்க எங்க முழிக்கிறாங்கன்னு பாக்கணும். வாய மூடிட்டு இருக்குறதுக்குத்தான் சம்பளம்.

இந்த தடவ வந்தது ஒரு ஆர்ட் மியூசியம். நம்ம நாட்டுக்குள்ளதான், பேர் வேணாம். சைட்ட புதுசா டிசைன் பண்ணியாச்சு, லான்ச்சுக்கு மூணு வாரம்தான் இருக்கு, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு டெஸ்ட் பண்ணிக் குடுங்க"ன்னாங்க. அம்பது பேருக்கு சர்வே அனுப்பலாமேன்னு கூட ஒருத்தர் கேட்டார். நான்தான் வேணாம், ஆறு பேர் போதும், ஆனா நேர்ல உக்காந்து பாக்கணும்னு சொன்னேன். இந்த யூசபிலிட்டி துறையில பெரிய ஆளான ஜேகப் நீல்சன் 2000லயே அஞ்சு பேர வெச்சு பாத்தா பெரும்பாலான கோளாறு வெளிய வந்துடும்னு எழுதிட்டார், அதுக்கு எதிரா நிறைய சண்டையும் நடந்திருக்கு, ஆனா ஒருத்தர கூட உக்கார வெச்சு பாக்காத இடத்துல அஞ்சா பத்தான்னு விவாதம் பண்றதுல அர்த்தமே இல்ல.

முதல்ல வந்தவர் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். 67 வயசு, வெள்ள சட்ட, பாக்கெட்ல பேனா. அவருக்கு குடுத்த வேலை இதுதான்: "வர்ற வெள்ளிக்கிழமை பேரன கூட்டிட்டு போறீங்க சார், அன்னிக்கு திறந்திருக்கான்னு பாத்து சொல்லுங்க."

சைட்ட திறந்ததும் திரை முழுக்க ஒரு வீடியோ. ஒரு சிலையோட கை, மெதுவா, ரொம்ப மெதுவா, தோள் வரைக்கும் போகுது. மாஸ்டர் கைய கட்டிட்டு பாக்குறாரு. நான் கடிகாரத்த பாக்குறேன். நாப்பது செகண்ட் கழிச்சு "பிரமாதமா எடுத்திருக்காங்க தம்பி, எப்ப லோடு ஆகும்?"ங்கிறாரு. லோடு ஆகி முடிஞ்சதுதான் அதுன்னு அவருக்கு எப்படி தெரியும், கீழ தள்ளினா இன்னும் இருக்குன்னு ஒரு சின்ன அம்புக்குறி கூட இல்ல, மெனு வேற வெள்ள வீடியோ மேல வெள்ள எழுத்து.

எப்படியோ மெனுவ கண்டுபிடிச்சாரு. டிஸ்கவர், கலெக்‌ஷன்ஸ், என்கேஜ், ஸ்டோரீஸ். நாலையும் ரெண்டு தடவ வாய்விட்டு படிச்சாரு. அப்புறம் என்னை பாத்து "கலெக்‌ஷன்ஸ்னா சேல விக்கிறாங்களா தம்பி?"

சிரிக்காதீங்க. தீபாவளி கலெக்‌ஷன், ஆடி கலெக்‌ஷன், முகூர்த்தப் பட்டு கலெக்‌ஷன்னு வருஷம் பூரா போர்டு பாக்குற ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற என்ன அர்த்தம் வரும்? அடுத்து வந்த காலேஜ் பையன் வசூல்னு நினைச்சான், படம் ரிலீஸ் ஆனா சொல்லுவோமே அந்த கலெக்‌ஷன். என்கேஜ்ங்கிறத பாத்துட்டு மூணாவதா வந்த அக்கா நிச்சயதார்த்த போட்டோஷூட்டுக்கு இடம் வாடகைக்கு விடுவாங்க போலன்னு சொன்னாங்க. நியாயமான யூகம்தான். மியூசியத்துக்குள்ள இருக்குறவங்களுக்கு கலெக்‌ஷன்ஸ்னா அங்க வெச்சிருக்குற சிலை, ஓவியம் எல்லாம், முப்பது வருஷமா புழங்குற சொல்லு, வெளிய இருக்குறவன் காதுல அது என்னவா விழுதுன்னு ஒரு தடவ கூட யாரும் கேட்டுப் பாக்கல.

சரி வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வாங்க. மியூசியம் சைட்டுக்கு வர்றவன் முதல்ல தேடுறது லீவு என்னிக்குங்கிறதத்தான், ஏன்னா ஒவ்வொரு மியூசியத்துக்கும் ஒவ்வொரு நாள். எழும்பூர்ல வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், டெல்லி நேஷனல் மியூசியம் திங்கள், பாரிஸ் லூவ்ர் செவ்வாய், நியூயார்க் மெட் புதன், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துக்கு லீவே கிடையாது. யாருக்கு ஞாபகம் இருக்கும்? அத முதல் பக்கத்துல மேலயே "இன்னிக்கு திறந்திருக்கு, 5 மணி வரைக்கும்"னு ஒரு வரி போட்டா முடிஞ்சது. இவங்க அத டிஸ்கவருக்குள்ள போய், அபவுட்டுக்குள்ள போய், கடைசியில ஒரு பிடிஎஃப்ல வெச்சிருந்தாங்க. பிடிஎஃப். டைமிங்க்கு.

மாஸ்டர் ஆறு நிமிஷம் தேடிட்டு மவுச கீழ வெச்சுட்டு "மன்னிச்சுக்கோங்க தம்பி, எனக்குத்தான் இதெல்லாம் பழக்கம் இல்ல"ன்னாரு. இந்த வேலையில எனக்கு வயிறு எரியிற இடம் இதுதான். முப்பத்தஞ்சு வருஷம் பசங்களுக்கு படம் வரைய கத்துக்குடுத்த மனுஷன், ஒரு ஆர்ட் மியூசியத்தோட வாசல்ல நின்னு எனக்கு அறிவு பத்தலன்னு மன்னிப்பு கேக்குறாரு. தப்பு பண்ணது எவனோ.

இதுல இன்னொரு கூத்து. முடிச்சதும், சைட்டு பயன்படுத்த எவ்வளவு சுலபமா இருந்துச்சுன்னு கேக்குற எஸ்யூஎஸ்னு (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) ஒரு ஃபார்ம் குடுப்போம், ஜான் ப்ரூக்னு ஒருத்தர் 1986ல உருவாக்குனது, பத்து கேள்வி, நூத்துக்கு மார்க் வரும், 68 வந்தா சராசரின்னு கணக்கு. குடுத்த வேலையில ஒண்ணு கூட முடிக்காத மாஸ்டர் போட்ட மார்க் 82.5. ஏன் சார்னு கேட்டா "பாவம், கஷ்டப்பட்டு பண்ணிருப்பாங்க, குறை சொல்லக்கூடாது." நம்ம ஊர்ல விருந்துக்கு போனா சாம்பார்ல உப்பு இல்லைன்னாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவோம். அதனாலதான் சொல்றேன், சர்வே மட்டும் அனுப்பியிருந்தா இந்த சைட்டு டிஸ்டிங்ஷன்ல பாஸ் ஆகியிருக்கும்.

அடுத்தது தேடல். அங்க ஒரு நல்ல சோழர் கால நடராஜர் இருக்காரு, ஹால் நடுவுல. அவர சைட்ல தேடுங்கன்னு சொன்னேன். ஆறு பேர்ல நாலு பேர் இங்கிலீஷ்ல 'நடராஜர்'னு கடைசியில 'ர்' போட்டுத்தான் டைப் பண்ணாங்க, சாமிய நடராஜான்னு யார் கூப்பிடுவா, அது என்ன எதிர் வீட்டு பையனா. அதுலயும் 'ட' வர்ற எடத்துல ரெண்டு பேர் 'டி', ரெண்டு பேர் 'டிஎச்', ஆளுக்கொரு ஸ்பெல்லிங். முடிவு: பூஜ்யம். "இங்க இல்ல போல"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்கு போயிட்டாங்க. டேட்டாபேஸ்ல அவர் பேர் 'சிவா, லார்ட் ஆஃப் டான்ஸ்'.

இது அந்த மியூசியத்தோட தப்பு மட்டும் இல்ல, உலகம் பூரா நடராஜருக்கு ஆளாளுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. கிளீவ்லாந்து மியூசியத்துல அவர் 'கிங் ஆஃப் டான்ஸ்', மெட்ல 'லார்ட் ஆஃப் டான்ஸ்'. ஆனா ரெண்டு இடத்துலயும் தலைப்புலயே நடராஜாங்கிற பேரையும் சேத்து போட்டுடுறாங்க, எத அடிச்சாலும் மாட்டும். எதுல செஞ்சதுங்கிற எடத்துல மெட்ல 'காப்பர் அலாய்'னு போட்டிருப்பாங்க, லேப்ல பாக்காம வெண்கலம்னு அடிச்சு சொல்ல முடியாதுங்கிறது அவங்க தரப்பு நியாயம், சரி. ஆனா தேடுறவன் ப்ரான்ஸ்னுதான் தேடுவான், நம்மாளு பஞ்சலோகம்னு தேடுவான், மாஸ்டர் ஐம்பொன்னு தமிழ்லயே அடிச்சாரு. நிபுணர் சொல்ல மாத்தச் சொல்லல, பின்னாடி ஜனங்க புழங்குற வேற பேர்களையும் சேத்து வைங்கன்னுதான் சொல்றேன், ரேஷன் கார்டுல ஒரு பேர் வீட்ல ஒரு பேர் இருக்குற மாதிரி. அமெரிக்காவுல 2000களோட நடுவுலயே ஸ்டீவ்னு ஒரு ப்ராஜெக்ட் நடத்துனாங்க, ஓவியங்கள ஜனங்கள்ட்ட காட்டி நீங்களே வார்த்தை போடுங்கன்னு. வந்த வார்த்தைல பெரும்பாலானது மியூசியத்தோட சொந்த ரெக்கார்டுலயே இல்ல.

படம் பெருசாக்கிப் பாக்குற கதைய சுருக்கமா சொல்லிடுறேன். ரைக்ஸ்மியூசியம் 2022 ஜனவரில ரெம்ப்ராண்டோட நைட் வாட்ச் ஓவியத்த 8,439 போட்டோவா எடுத்து ஒட்டி 717 கிகாபிக்சல்ல நெட்ல போட்டாங்க. அது என்னோட பழைய போன்ல கூட ஓடுது, ஏன்னா முழுசா இறக்காது, நீங்க பாக்குற துண்ட மட்டும் தரும், கூகுள் மேப் மாதிரி. எங்க சைட்ல ஒரு சின்ன ஓவியத்தோட பக்கம் 11 எம்பி. அந்த அக்கா பிரீபெய்டு டேட்டால பாத்துட்டு "என் டேட்டாவெல்லாம் போயிடும்"னு டக்குனு மூடிட்டாங்க.

ஆறாவதா வந்த பொண்ணு, பிஏ படிக்கிறா, பார்வை கிடையாது, போன்ல ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்குறத வாய்விட்டு படிக்கிற ஆப், வெச்சுத்தான் எல்லாமே. சைட்ட திறந்தா அது படிக்குது: "ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் நாலு பூஜ்யம் மூணு ரெண்டு டாட் ஜேபிஜி." அடுத்த படம், "ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் நாலு பூஜ்யம் மூணு மூணு." படத்துல என்ன இருக்குன்னு யாரும் எழுதி வைக்காததால ஃபைல் பேரயே படிக்குது, பத்து படம் இப்படியே போச்சு. "அண்ணா, ரொம்ப மாடர்ன் ஆர்ட்டா இருக்கே"ன்னா. ரூம்ல இருந்த எல்லாரும் சிரிச்சுட்டோம், மியூசியத்துல இருந்து வந்திருந்த மேடம் மட்டும் சிரிக்கல, நோட்ல என்னவோ வேகமா எழுதிட்டு இருந்தாங்க. அந்த மேடம் வந்து உக்காந்ததுதான் இந்த ப்ராஜெக்ட்ட காப்பாத்துச்சுன்னு நினைக்கிறேன், என் ரிப்போர்ட் நாப்பது பக்கம், யாரும் முழுசா படிச்சிருக்க மாட்டாங்க.

மீட்டிங்ல சண்டை நடந்துச்சு. "நாங்க வெப்சைட்ட ஒரு அனுபவமா டிசைன் பண்ணிருக்கோம்"னு டிசைன் பண்ண தம்பி சொன்னான். அனுபவம்தான், ஆறு நிமிஷம் பூட்டுன கதவ தட்டுற அனுபவம். மேடம்தான் நடுவுல புகுந்து மாஸ்டரோட வீடியோவ போட்டு காட்டுனாங்க, அவர் மன்னிப்பு கேக்குற இடம் வந்ததும் தம்பி அமைதியாயிட்டான். நல்ல பையன்தான், அவனுக்கும் யாரும் இத காட்டுனதில்ல.

இப்ப என்ன ஆச்சுன்னா, லான்ச் ஒரு மாசம் தள்ளிப் போயிருக்கு. டைமிங் மேல வந்துடுச்சு. கலெக்‌ஷன்ஸ் போயி 'சிலைகளும் ஓவியங்களும்'னு வந்திருக்கு, இங்கிலீஷ்லயும் அதே மாதிரி. நேத்து நடராஜர்னு 'டி' போட்டு அடிச்சேன், வந்துட்டாரு. 'டிஎச்' போட்டா இன்னும் வரல, சொல்லியிருக்கேன். வீடியோ அப்படியேதான் ஓடுது, மேலிடத்துக்கு ரொம்ப பிடிச்சிருக்காம்.

ரெண்டாவது ரவுண்டுக்கு ஆள் தேடிட்டு இருக்கேன். ஆர்ட் தெரிஞ்சவங்க வேணாம், மியூசியம் பக்கமே போகாதவங்க, வீட்ல இருக்குற பெரியவங்க, மாமியார், வாட்ச்மேன் அண்ணன், யாரா இருந்தாலும் சொல்லுங்க. ஒரு மணி நேரம்தான், காசும் உண்டு, டீ சமோசாவும் உண்டு. ஒரே ஒரு கண்டிஷன், கூட பேரப்பசங்கள அனுப்பாதீங்க, போன தடவ ஒருத்தன் "தாத்தா அங்க இல்ல, மூணு கோடு இருக்குல்ல அத அமுக்கு"ன்னு சொல்லி ஒரு டெஸ்ட்டையே கெடுத்துட்டான்.