ஒரே ஒரு சீசன்தான். அதனால் என்ன?

"ஒரு வருஷம் வெளுத்து வாங்கினாங்க, அப்புறம் ஆளையே காணோம். இதுக்குப் போய் இவ்வளவு பில்டப்பா?"

2019 எல்எஸ்யு அணியைப் பற்றி எப்போது எழுதினாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் வீசியும் ஆடுவது) பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் படிக்கலாம், பெரிதாக விதிமுறை எதுவும் தெரியத் தேவையில்லை.

எல்எஸ்யு என்றால் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் பேட்டன் ரூஜ் என்ற ஊர். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆள் கொள்ளும் ஸ்டேடியம், அதற்கு எதிரே கூண்டில் மைக் என்று ஒரு நிஜப் புலி. (புலியைக் கூண்டில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது, அது வேறு சண்டை.) அந்த அணி 2019 சீசனில் 15 ஆட்டம் ஆடி 15-லும் ஜெயித்தது. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 48 புள்ளி.

இதைச் செய்தது யார் என்று பாருங்கள். கோச் எட் ஆர்ஜெரான், லூசியானாவின் தென்கோடிக்காரர், தொண்டையில் ஜல்லி கொட்டியது போல ஒரு குரல். சின்ன வயதில் தொலைபேசி கம்பெனிக்குப் பள்ளம் வெட்டியவர். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் கோச்சாக இருந்து 10 வெற்றி, 25 தோல்வி, அனுப்பிவிட்டார்கள். 2013-ல் யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியை நடு சீசனில் கையில் கொடுத்தார்கள். நன்றாகவே நடத்தினார், ஆனால் நிரந்தரப் பதவி வேறு ஒருவருக்குப் போனது. எல்எஸ்யுவிலும் 2016-ல் தற்காலிகமாகத்தான் தலைமை கோச் ஆனார். 2017-ல் சொந்த மைதானத்தில் டிராய் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றபோது ஊரே அவரை அனுப்பச் சொன்னது.

குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசுகிறவர், ஜோ பர்ரோ. ஒஹையோ ஸ்டேட்டில் மூன்று வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, டிகிரியை வாங்கிக்கொண்டு 2018-ல் இங்கே வந்த பையன். முதல் வருஷம் 16 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது டச்டவுன், அதில் முடிகிற வீச்சு டச்டவுன் பாஸ்). சுமார்தான். அடுத்த வருஷம் 60. அதுவரை கல்லூரி ஃபுட்பாலில் ஒரு சீசனில் யாரும் அத்தனை வீசியதில்லை.

நடுவில் என்ன நடந்தது? எல்லோரும் பர்ரோவின் திறமை என்பார்கள். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் முதல் மார்க் ஆர்ஜெரானுக்கு. எல்எஸ்யு பல வருஷமாகப் பந்தைக் கையில் கொடுத்து முட்டி மோதி ஓடும் அணி. தடுப்பாட்டத்தில் வளர்ந்த ஐம்பத்தேழு வயது மனிதர், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடி என்ற முப்பதைத் தொடாத பையனைக் கூட்டிவந்து, "நம்ம தாக்குதலை மாத்து" என்று ஒப்படைத்தார். ஏற்கெனவே தாக்குதல் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் என்ஸ்மிங்கர், அறுபதைத் தாண்டியவர், முறுக்கிக்கொள்ளாமல் அந்தப் பையனோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். நம் ஆபீஸ்களில் இது நடக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் எத்தனை ஆழம் என்பது செப்டம்பர் 7 அன்று ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தெரிந்தது. எல்எஸ்யு 37-31 என்று முன்னே. மூன்று நிமிஷம்கூட மீதி இல்லை. நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் நகர வேண்டும் என்பது விதி. இவர்களுக்கு மூன்றாவது முயற்சி, இன்னும் 17 கெஜம் தேவை. பழைய எல்எஸ்யு என்றால் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு, கடிகாரத்தைக் கரைத்து, உதைத்துத் தள்ளிவிட்டு சாமியைக் கும்பிட்டிருக்கும். இவர்கள் வீசினார்கள். டெக்சஸ் ஆட்கள் பாய்ந்து வர, பர்ரோ இடப்பக்கம் நகர்ந்து, அடி வாங்கப்போகிற நேரத்தில் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்குப் பந்தை விட்டார். ஜெஃபர்சன் பிடித்தார், திரும்பினார், 61 கெஜம், டச்டவுன். ஆட்டம் 45-38. அந்த வருஷத்தில் ஒரே ஒரு பந்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

நவம்பரில் அலபாமா. 2011-க்குப் பிறகு எட்டு முறை தொடர்ந்து இவர்களைத் தோற்கடித்த அணி. முந்தைய வருஷம் 29-0. இந்த முறை அவர்கள் மண்ணிலேயே 46-41. ஐந்தடி எட்டு அங்குலம் உயரமுள்ள கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களை இழுத்துக்கொண்டே ஓடி நான்கு டச்டவுன் அடித்தார். ஜார்ஜியாவை 37-10. இதெல்லாம் ஸ்கோர்கார்டில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 28 மட்டும் சொல்ல வேண்டும். அட்லாண்டாவில் ஓக்லஹோமாவுக்கு எதிராக அரையிறுதி. அன்று காலை, அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிய என்ஸ்மிங்கரின் மருமகள், விளையாட்டுச் செய்தியாளர், லாஃபயெட்டில் சிறு விமானம் விழுந்து இறந்துபோனார். ஆட்டம் தொடங்கும் முன்பே என்ஸ்மிங்கருக்குத் தகவல் வந்துவிட்டது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டேடியத்தின் மேலே கோச்சுகள் உட்காரும் அறைக்குப் போய் உட்கார்ந்து வேலையைச் செய்தார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன் பாஸ். முடிவு 63-28. அந்த ஸ்கோரை என்னால் இன்றுவரை வெறும் ஸ்கோராகப் பார்க்க முடியவில்லை.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ், கிளெம்சனை 42-25 என்று வீழ்த்தி சாம்பியன். அப்புறம் மைதானத்தில் ஒரு கூத்து. எல்எஸ்யுவின் பழைய மாணவர், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் நட்சத்திரம் ஓடெல் பெக்கம் ஜூனியர், பணக்கட்டிலிருந்து நோட்டை உருவி உருவிப் பையன்கள் கையில் திணிக்கிறார். கேமரா எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் அது பொம்மை நோட்டு என்று மழுப்பிப் பார்த்தார்கள். நிஜப் பணம். கல்லூரி வீரர் காசு வாங்கக்கூடாது என்று அப்போது விதி. பிறகு எல்எஸ்யு பெக்கமை இரண்டு வருஷம் உள்ளே விடாமல் தள்ளிவைத்தது, தன் உதவித்தொகை இடங்களில் எட்டையும் குறைத்துக்கொண்டது. அதே ஜனவரியில் கோச்சுக்கு ஆறு வருஷத்துக்கு சுமார் 4.2 கோடி டாலரில் புது ஒப்பந்தம்! ஆடினவன் கையில் நாலு நோட்டு குற்றம், பக்கத்தில் நின்றவருக்குக் கோடிகள் சம்பளம். 2021 ஜூலையில்தான் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. இந்த அணிக்கு அது எட்டவில்லை.

சீசனின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது மேடையில் பர்ரோ பேசியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தன் ஊர்ப்பக்கமான தென்கிழக்கு ஒஹையோவின் வறுமையை, பள்ளி முடிந்து வெறும் வயிற்றோடு வீடு போகிற பிள்ளைகளைச் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவர் இதே பேஸ்புக்கில் நிதி திரட்ட ஆரம்பித்து, ஏதென்ஸ் மாவட்ட உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சம்பளமே இல்லாத பையன் பேசி வந்த பணம் அது.

சரி, அடுத்த வருஷம்? 5 வெற்றி, 5 தோல்வி. 2021 அக்டோபரில் ஆர்ஜெரானை அனுப்ப முடிவு செய்து, சுமார் 1.7 கோடி டாலர் கொடுத்தார்கள். எந்தக் கதவு வழியாகப் போகணும்னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பாலியல் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட லட்சணத்தைப் பற்றி ஒரு மோசமான விசாரணை அறிக்கையும் அந்த வருஷம் வந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 15-0 அதை மறைக்காது, மறைக்கவும் கூடாது.

ஆனால் "காணாமப் போயிட்டாங்க" என்பது வேறு குற்றச்சாட்டு. எங்கே போனார்கள்? 2020 டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 14 பேர் என்எஃப்எல்லுக்குப் போனார்கள், முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர், அதிலும் முதல் ஆள் பர்ரோ. பிரேடி கரோலினா பாந்தர்ஸ் என்ற என்எஃப்எல் அணிக்கு. தடுப்பாட்டப் பயிற்சியாளர் டேவ் அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை கோச்சாக. கல்லூரி அணி என்பது பிளஸ் டூ பேட்ச் மாதிரி; மாநில ரேங்க் வாங்கிய பேட்ச்சைப் பிடித்து, அடுத்த வருஷம் ஏன் பள்ளிக்கூடம் அதே ரேங்க் வாங்கவில்லை என்று யாராவது கேட்பார்களா? அப்போது வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டிருந்த அலபாமா பெரிய நிர்வாகம், ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுவது அணியைப் பற்றி.

அடுத்து "2001 மியாமிதான் பெஸ்ட்" கோஷ்டி வரும், தெரியும், அந்த வருஷம் சாம்பியனான மியாமி பல்கலைக்கழக அணியைச் சொல்கிறவர்கள். அந்த மியாமியில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராக எடுத்தால் கனம் அதிகம்தான். ஆனால் டெக்சஸ், ஃபுளோரிடா, ஆபர்ன், அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹோமா, கிளெம்சன்: மோதிய நாளில் முதல் பத்து ரேங்குக்குள் இருந்த ஏழு அணிகளை ஒரே சீசனில் எல்எஸ்யு அடித்தது. மியாமிக்கு அந்த வருஷம் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் போடுங்கள், பேசுவோம்.