பேயை விடுங்கள், தண்ணீரைக் கணக்குப் பாருங்கள்

பாலைவனத் திகில் கதைகளை ஒரே பேயைக் கொண்டு கோர்க்கலாம் என்ற யோசனையோடு உடன்பட முடியவில்லை. இரண்டாவது கதையிலேயே பேய் வாசகருக்குப் பழகிவிடும். ஒரு பொருளால் கோர்த்துவிடுங்கள். 20 லீட்டர் தண்ணீர்க் கான் ஒன்று போதும். கடும் வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு 1 லீட்டர் வரை வியர்வையாகப் போகும். முதல் கதையில் 3 பேர் 7 மணித்தியாலம் நடந்தால் கான் காலி. நான்காவது கதையில் அதே கான் நிறைந்து நின்றால் விளக்கமே வேண்டாம்.

கொழும்பிலிருந்து எழுதுபவர்கள் அடிக்கடி விடும் பிழை, "சட்டை வியர்வையில் தொப்பலாக ஒட்டியது" என்பது. அது வெள்ளவத்தை வெக்கை. உள்நாட்டுப் பாலையில் (வளைகுடாக் கரையோரம் வேறு, அங்கே ஈரப்பதன் கூட) வியர்வை உடனே காய்ந்து, துணியில் வெள்ளை உப்புக்கோடுதான் மிஞ்சும். உடம்பு வற்றுவது அந்த ஆளுக்கே தெரியாது. திகில் அங்கேதான் இருக்கிறது, அதில் நின்று எழுதுங்கள்.

அலறல் சத்தமும் தேவையில்லை. ஓமானிலும் மொரோக்கோவிலும் சில மணல்மேடுகள் சரியும்போது விமானம் தாழப் பறப்பதுபோல முழங்கும். மணல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் அது நடக்கும். ஆகவே ஒரு கதையில் மழை பெய்து வாடியில் (பாலைவனத்தின் வறண்ட ஆற்றுப்படுகையில்) வெள்ளம் வந்தால், மறுநாள் நடக்கும் கதையில் முழக்கத்தை வைக்காதீர்கள்.

நிலவும் அப்படித்தான். கலண்டரில் போயாவைப் பார்த்து ஒவ்வொரு கதைக்கும் திகதி குறியுங்கள். பௌர்ணமிக் கதைக்கு இரண்டு கிழமை கழித்து வரும் கதையில் நிலவொளியில் காலடித் தடம் தெரியாது.